மூணு மணிக்கு எடுத்துடுவாங்க

1. இரண்டரை மணி நேரத் துபாய்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தப்பாகத்தான் ஆரம்பித்தது. செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டி, பழக்கடைக்கு மேல் மாடியில் ஒரு டிராவல்ஸ். முதலாளி காதர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் படியேறி வந்தார். மச்சானுக்குத் துபாய் டிக்கெட் எங்களிடம்தான் வாங்கியிருக்கிறார், போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். பத்து மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டரைக்குச் சேரும் என்று அச்சாகியிருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள் நான். கழித்துப் பார்த்து, இரண்டரை மணி நேரம் என்றேன். பாண்டிச்சேரிக்குப் போகிற நேரம்தானா என்று அவர் சந்தோஷமாக இறங்கிப் போனார்.

பாய் வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவன் ஊரு கடியாரம் வேற, நம்ம கடியாரம் வேற மல்லிகா. டிக்கெட்ல போட்டிருக்கிறது அந்தந்த ஊரு மணி. கழிச்சியே, நடுவுல ஒன்றரை மணி நேரத்த யாரு வூட்ல கொண்டுபோயி வெச்ச?"

துபாய் நாலு மணி நேரம். இப்போது கவுன்டரில் உட்காருகிற பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். போனில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரம் இத்தனை கிலோமீட்டர், பறக்கும் நேரம் இத்தனை என்று வந்து விழுகிறது. ஆனால் அப்படி வந்து விழுகிற எண் ஒரு ஏர்போர்ட்டிலிருந்து இன்னொரு ஏர்போர்ட்டுக்கு. ஏர்போர்ட்டில் யாரும் குடியிருப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவும் நல்ல விதமாகப் புரியவில்லை.

பாய் அன்றைக்கே இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். வருகிறவர்கள் கல்பாக்கம் பக்கத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் வருகிற ஜனங்கள். டிபார்ச்சர், டேக் ஆஃப் என்று அவர்களிடம் இங்கிலீஷில் பந்தா பண்ணக் கூடாது. கீழே பஸ் ஸ்டாண்டில் என்ன கேட்கிறார்கள்? "எப்ப எடுப்பீங்க?" கண்டக்டர் என்ன சொல்கிறார்? "இதோ எடுத்துடுவோம்." அதையே சொல். ஃப்ளைட் எட்டு மணிக்கு எடுக்கிறான். ஆறு மணிக்கெல்லாம் நீ உள்ளே இருக்கணும். அவ்வளவுதான்.

நல்ல பாடம். பாய் காலமான பிறகு அவர் மகன் கடையை நடத்தியபோதும் நான் அப்படித்தான் பேசினேன். இருபது வருஷம் அந்த வார்த்தையால் ஒருவருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

2. இருநூறு மெட்ராஸ்

ரோசம்மாவை எனக்குத் தெரிந்தது அவர் மகள் எஸ்தருக்கு டிக்கெட் போட இரண்டு பேரும் வந்தபோது. சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டில் ஒரு காலனியில் வீடு. அவருடைய அப்பா அம்மா காலம் வரை பிறத்தியார் நிலத்தில் கூலி. ரோசம்மாவும் நடவுக்குப் போனவர்தான். நாவலூர் பக்கம் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிய வருஷங்களில் சித்தாள் வேலைக்கு மாறினார். கட்டி முடித்த பிறகு அதே கட்டடம் ஒன்றில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே பெண். அந்தப் பெண்ணை நர்சிங் படிக்க வைத்து, நியூசிலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை வாங்குகிற வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

டிக்கெட்டை நான் பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது ரோசம்மா கேட்டார், அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று. ஆக்லாந்து பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றேன். அது அவருக்குப் பிடிபடவில்லை.

"இங்கேர்ந்து மெட்ராசு போற மாரி எத்தினி வாட்டி போவணும்?"

கணக்குப் போட்டு, இருநூறு வாட்டி என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அவ்ளோதானா? சித்தாள் வேலைக்கு நான் அத்த வுட ஜாஸ்தி போய் வந்துகினு இருந்தேனே."

எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படியிறங்கப் போனவர் திரும்பி நின்று இன்னொன்று கேட்டார். தனக்கு ஒன்று என்றால் எஸ்தர் எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும்? எஸ்தர் அம்மாவைத் திட்டினாள். போகிற நேரத்தில் இது என்ன பேச்சு என்றாள். நான் சொன்னேன், "ஒரே நாள்ல வந்துடலாம்மா. நான் இருக்கேன் இல்ல, கொண்டாந்து சேத்துடுவேன்."

அதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னேன். கொஞ்சம் திமிரும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷத்தில் எஸ்தர் இரண்டு தடவை வந்து போனாள். இரண்டு தடவையும் டிக்கெட் நான்தான். வரும்போதெல்லாம் மாடிக்கு வந்து ஒரு சாக்லேட் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டுப் போவாள். ரோசம்மாவுக்குக் கிட்னி கெட்டுவிட்டது என்பதும், வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் போகிறார் என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

3. திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு சாமுவேல் போன் செய்தார். ரோசம்மாவின் தம்பி, எஸ்தருக்குத் தாய்மாமன். நாவலூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். எப்போதும் அளந்து பேசுகிற மனிதர்.

"அக்கா பூடுச்சி மேடம். எஸ்தருக்குச் சொல்லிட்டோம். அது வந்து மொகத்த பாத்த அப்பாலதான் எடுப்போம். எப்ப வரும்னு நீங்க சொல்லுங்க, அதுக்குத் தக்கன நாங்க வெச்சிக்கிறோம்."

பாருங்கள், அவரே அந்த வார்த்தையைச் சொன்னார். எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று எனக்கு அப்போது நன்றாகவே தெரிந்தது.

கூடவே ஒன்று சொன்னார். கிட்னி போன உடம்பு, முகம் இப்போதே உப்ப ஆரம்பித்துவிட்டது. ஐஸ் பெட்டி வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் ரொம்ப நேரம் வைக்க முடியாது.

உட்கார்ந்து தேடினேன். ஆக்லாந்திலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. வளைகுடா வழியாக வந்தால் நம் தலைக்கு மேலேயே பறந்து அந்தப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும், நாள் போய்விடும். சிங்கப்பூர் வழியாக இரண்டு இருந்தது. ஒன்றில் சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். சென்னைக்கு வந்து சேரப் புதன்கிழமை ஆகிவிடும். இன்னொன்று ஆக்லாந்தில் செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கிளம்புவது. பத்தே முக்கால் மணி நேரம் பறந்து, சிங்கப்பூர் மணிக்குப் பகல் ஒன்றே முக்காலுக்கு இறங்கும். அங்கே மூன்று மணிக்கு, நம் மணிக்குப் பன்னிரண்டரைக்கு, சென்னை விமானம். நடுவில் எழுபத்தைந்து நிமிஷம். நம் மணிக்கு மாலை நாலரைக்கு மீனம்பாக்கம். கார் பிடித்து ஆறே முக்காலுக்கு வீட்டு வாசல்.

எழுபத்தைந்து நிமிஷம் சொற்பம். இருந்தாலும் அதையே போட்டேன். எஸ்தருக்குப் போன் செய்து, பெட்டி எதுவும் வேண்டாம், கைப்பை மட்டும் எடு, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள், இறங்கியதும் ஓட வேண்டியிருக்கும் என்றேன். அவள் இருந்த ஊரிலிருந்து ஆக்லாந்து ஏர்போர்ட்டுக்கே ரோட்டில் இரண்டரை மணி நேரம். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றாள். அழவில்லை. போனை வைக்கப் போகும்போது கேட்டாள்:

"மொகத்த பாத்துருவனா அக்கா?"

"பாத்துருவ" என்றேன்.

சாமுவேலிடம் செவ்வாய் சாயங்காலம் ஆறே முக்கால் என்று சொன்னேன். ஏழு மணிக்கு விளக்கு கட்டி எடுத்துக்கொள்கிறோம், பாஸ்டரிடம் பேசிவிட்டோம் என்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

4. செவ்வாய்க்கிழமை

காலையில் ஆபீசுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஆக்லாந்தில் விமானம் நாற்பது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியிருந்தது. எழுபத்தைந்து நிமிஷம் முப்பத்தைந்தாகச் சுருங்கிவிட்டது. வழியில் அந்த நேரத்தைப் பிடித்துவிடுவான் என்று மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். பிடிக்கவில்லை. எஸ்தர் சென்னை விமானத்தை விட்டால் புதன் காலைக்குத்தான் வர முடியும். வீட்டில் ஏழு மணிக்கு எல்லாவற்றையும் தயார் செய்து வைத்துக்கொண்டு ஏமாறக் கூடாதே, முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்போம் என்று பதினொரு மணிக்கு சாமுவேலுக்குப் போன் செய்தேன்.

எடுத்தது சாமுவேல் இல்லை. பக்கத்து வீட்டு ஏழுமலை. கொத்தனார். ரோசம்மாவை முதன்முதலில் சித்தாளாகக் கூட்டிப்போனவர் அவர்தான். சாமுவேல் குழி தோண்டுகிற இடத்துக்குப் போயிருக்கிறார், போனை வீட்டில் வைத்துவிட்டார், விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார். அவர் பின்னால் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். நானும் கத்தித்தான் பேசினேன். நான் சொன்னது இதுதான்:

"எஸ்தர் ஃப்ளைட்டு லேட்டாவுது. அவளுக்காகக் காத்துகினு இருக்க மாட்டாங்க. மூணு மணிக்கு எடுத்துடுவாங்க. அப்படி ஆச்சுன்னா அவ நாளைக்குக் காலையிலதான் வர முடியும். சாமுவேல் கிட்ட சொல்லிடுங்க."

"மூணு மணிதானே மேடம்?"

"மூணு மணி."

சரி, சொல்லிடறேன் என்று வைத்துவிட்டார். என்னுடைய அந்த நாலு வரியில் சிங்கப்பூர் என்ற சொல்லே இல்லை. இதை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எங்கே தேடினாலும் இல்லை.

பன்னிரண்டே கால் தாண்டி எஸ்தரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "ஏறிட்டேன் அக்கா." அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே சாமுவேலுக்கு அடித்தேன். மூன்று தடவை அடித்தேன், மணி போயிற்று, யாரும் எடுக்கவில்லை. சாவு வீட்டில் போனை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? "எஸ்தர் ஏறிட்டா. 4.30 சென்னை, 6.45 வீடு" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை. அந்த நேரம் மாமல்லபுரத்திலிருந்து ஒரு சிற்பி வந்து உட்கார்ந்தார், மொரீஷியஸில் கோயில் வேலைக்குப் போகிறவர். அவருக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு சாப்பிட்டேன். டிக் நீலமாயிற்றா என்று மறுபடி நான் பார்க்கவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியில் இருந்தேன்.

எஸ்தர் வரும்போது கூட இருக்கலாம் என்று மூன்றரைக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் தாண்டி சதுரங்கப்பட்டினம் ரோட்டில் திரும்பியதும், தார் மேல் பூ கிடந்தது. சாமந்தியும் ரோஜா இதழும், வண்டிகள் ஏறி நசுங்கியிருந்தன. வேறு யாருடையதோ என்று நினைத்தேன். சுற்றுவட்டாரத்தில் ஒரே நாளில் இரண்டு சாவு விழாதா என்ன. ஆனால் பூ விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. காலனிக்குத் திரும்புகிற மண் ரோட்டில் அதுவும் திரும்பியது. வண்டியை நிறுத்தி, தள்ளிக்கொண்டுதான் போனேன்.

பந்தலில் நாற்காலிகளைப் போட்டு ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல் கழுவிவிட்டு ஈரமாக இருந்தது. ஐஸ் பெட்டியை இரண்டு பேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாமுவேல் தலைக்குக் குளித்து, துண்டோடு வந்தார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க மேடம். நீங்க சொன்ன டைமுக்கே எடுத்துட்டோம். எஸ்தரு நாளைக்கு எத்தினி மணிக்கு வருது?"

போனை எடுத்து மணி பார்த்தேன். நாலு முப்பத்தைந்து.

"எறங்கிட்டா" என்றேன். "மீனம்பாக்கத்துல எறங்கிட்டா."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏழுமலையைக் கூப்பிட்டார். ஏழுமலை கையில் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்தார். நான் சொன்னதையே அவர் சொல்லிக் காட்டினார். எஸ்தருக்கு லேட்டாகும், காத்துகினு இருக்க மாட்டாங்க, மூணு மணிக்கு எடுத்துடுவாங்க, அது நாளைக்குத்தான் வரும். ஒரு வார்த்தை கூட மாற்றவில்லை. எஸ்தரே என்னிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், தனக்காகக் காக்க வேண்டாம் என்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முகமும் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. பாஸ்டரை அவசரமாக வரவழைத்து, ஆட்டோவில் மைக் கட்டி மூன்று மணி என்று ஊருக்குச் சொல்லி, சரியாக மூன்று மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

என் புத்தி முதலில் ஏழுமலை மேல்தான் பாய்ந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. நான் ஃப்ளைட்டைச் சொன்னேன், ஃப்ளைட்டை எடுப்பதைத்தானே சொன்னேன் என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். அந்த மனுஷன் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார். சாமுவேல் குரலை உயர்த்தவே இல்லை.

"மேடம், சாவு வூட்டுக்கு போன் பண்ணி மூணு மணிக்கு எடுத்துடுவாங்கன்னு சொன்னா, நாங்க ஃப்ளைட்டையா நெனைப்போம்?"



குழியைத் திறந்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். மூடிய மண்ணைத் திறப்பதா என்று வேறு சிலர். பேச்சு வளர்ந்தது. சாமுவேல் எல்லோரையும் அடக்கி, எஸ்தர் வரட்டும், அது சொல்கிறபடி செய்வோம் என்றார். அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அதுவும் ஏற்கெனவே நடந்துவிட்டது என்று தெரிந்தது. நாளைக்குத்தான் வருவாள், கடைசி முகத்தையாவது போனில் பார்க்கட்டும் என்று, பெட்டி மூடும் வரை வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கிப் போனைப் போட்டதும் அவளுக்கு முதலில் வந்தது அதுதான்.

5. ஆறரை மணி

ஆறே முக்கால் என்று நான் சொல்லியிருந்தேன். ஆறரைக்கே கார் வந்துவிட்டது. எஸ்தர் ஒரு கைப்பையோடு இறங்கினாள். ஷூ போட்டிருந்தாள். பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் நின்றாள், வீட்டுக்குள் போகவில்லை. "எங்க மாமா?" என்று மட்டும் கேட்டாள். சாமுவேல் முன்னால் நடந்தார். நானும் பின்னால் போனேன். போகத் தகுதி இல்லை என்று தெரிந்தும் போனேன்.

கல்லறையில் மண் ஈரமாக இருந்தது. மாலைகளை மேலே பரப்பியிருந்தார்கள். எஸ்தர் குனிந்து, மாலையை ஒதுக்கி, மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். திறக்கணும் என்றால் திறக்கிறேன், பாஸ்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சாமுவேல் மெதுவாகச் சொன்னார்.

"வேணாம் மாமா. அம்மாவ ரெண்டு வாட்டி பொதைக்க வேணாம்."

அங்கேயே நான் சொல்லிவிட்டேன். நான்தான் என்றேன். பதினொரு மணிக்கு என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன், அது அவர்கள் காதில் எப்படி விழுந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஏழுமலை மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். அவள் என்னை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திரும்பிப் பார்த்தாள். யாரிடமோ கணக்கு ஒப்பிக்கிற மாதிரி ஒன்று சொன்னாள்:

"ஃப்ளைட்டு பத்து நிமிஷம் முன்னாடியே எறங்கிட்டான் அக்கா."

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். விமானம் எப்போது கிளம்புகிறது என்பது விமானக் கம்பெனியின் கவலை. நம்மிடம் கேட்கிறவர்களுக்கு வேண்டியது ஆள் வீட்டு வாசலுக்கு வருகிற நேரம். வீட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று போடுங்கள். நம் மணியில், கிழமையோடு, காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த ஊர் மணியை அவர்களிடம் வாயால் சொல்லாதீர்கள். சாவு டிக்கெட் என்றால் முடிவெடுக்கிற ஆளிடம் மட்டும் பேசுங்கள். அவர் இல்லையென்றால் அவர் வருகிற வரைக்கும் லைனிலேயே இருங்கள். சொன்னதை அவர் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மணியை மட்டும் இல்லை, மணிக்கு என்ன நடக்கப் போகிறது என்பதையும். மெசேஜ் போட்டால் போதாது, அவர் பார்த்தாரா என்று பாருங்கள். பார்க்கவில்லை என்றால் ஆபீசைப் பூட்டிவிட்டு நேரில் போங்கள். செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் ஒரு மணி நேரம்தான். பன்னிரண்டரைக்கு நான் வண்டியை எடுத்திருந்தால் ஒன்றரைக்கு அங்கே இருந்திருப்பேன்.

நான் இப்போது எடுக்கிறான் என்று சொல்வதில்லை. கிளம்புகிறான் என்கிறேன். பஸ்ஸுக்கும் அப்படித்தான். ஏன் இப்படிப் புத்தகம் மாதிரிப் பேசுகிறாய் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது. கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும் எஸ்தரைக் கிணற்றடியில் குளிக்கச் சொல்லி, வீட்டுக்குள் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். எடுத்தாகிவிட்டது, இனிமேல் சாப்பிடலாம் என்று சாமுவேலின் மனைவி சொன்னார். திங்கட்கிழமை செய்தி வந்ததிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. வழியில் மூன்று தடவை சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள், மூன்று தடவையும் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அம்மாவை எடுக்கிற வரைக்கும் சாப்பிடக் கூடாது என்று இருந்திருக்கிறாள். அந்த மூன்றில் கடைசித் தட்டு வந்த நேரத்தில் இங்கே பாஸ்டர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

அவளுக்கு ரசம் ஊற்றப் போனேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"மூணு மணிக்கு நான் எங்க இருந்தேன் அக்கா?"

இதைச் சொல்ல எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து சென்னை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். நம் மணிக்குப் பன்னிரண்டரைக்குக் கிளம்பியது. மூன்று மணிக்கு எங்கே என்று இருபத்தாறு வருஷ வேலை எனக்குச் சொல்லும்.

"நிக்கோபார் தாண்டி. கடலுக்கு மேல" என்றேன். "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் இருந்துச்சு."

எஸ்தர் கையை நிறுத்தினாள்.

"அவ்ளோ கிட்ட வந்துட்டனா?" என்றாள்.

பிறகு சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள், போட்டேன்.